தடுத்த செயலி ஓடுகிறது, தடுக்காதது நிற்கிறது: ஃபயர்வால் குழப்பங்களை அறிகுறி வாரியாகத் தீர்க்கும் வழி

கல்லூரி, பள்ளி, நடுத்தர அலுவலகம், எங்கே ஃபயர்வால் (வலையின் வாசலில் நின்று போக்குவரத்தை விடவும் தடுக்கவும் செய்யும் கருவி) வைத்தாலும் புகார்கள் ஏறக்குறைய ஒன்றுதான். யூடியூப்பைத் தடுத்தோம், ஓடுகிறது. ஒன்றைத் தடுத்தோம், வேறு ஏதோ நின்றுவிட்டது. ஃபயர்வாலின் பதிவேடான லாக்கில் எல்லாமே 'எஸ்எஸ்எல்', அதாவது வெறும் குறியாக்கப் போக்குவரத்து என்று காட்டுகிறது. இந்தப் புகார்களைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் எந்த வரிசையில் பார்த்தால் நேரமும் பணமும் மிச்சமாகும் என்று ஒரு ஒழுங்கு கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வையுங்கள். குறியாக்கம் செய்த போக்குவரத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை ஃபயர்வால் சாதாரணமாகப் படிப்பதில்லை. இணைப்பு தொடங்கும்போது திறந்தபடி போகும் சில துண்டுகளைப் பார்த்து, இது இந்தச் செயலியாக இருக்கும் என்று ஊகிக்கிறது. அந்தத் துண்டுகளில் முக்கியமானது கிளையண்ட் அனுப்பும் முதல் செய்தியான 'கிளையண்ட் ஹலோ'. போகவேண்டிய சர்வரின் பெயர் அதில் எஸ்என்ஐ என்ற பகுதியில் இருக்கும். போக்குவரத்தைக் குறியாக்கும் நெறிமுறையான டிஎல்எஸ்ஸில் (பழைய பெயர் எஸ்எஸ்எல்) 1.2 பதிப்பு வரை சர்வரின் சான்றிதழும் திறந்தபடி வந்தது. 2018ல் வந்த டிஎல்எஸ் 1.3ல் அதையும் மூடிவிட்டார்கள். ஆகவே எந்தப் புகார் வந்தாலும் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான்: ஃபயர்வால் அந்தக் கிளையண்ட் ஹலோவை முழுதாகப் பார்த்ததா, அதில் என்ன பெயர் இருந்தது?

தொடங்கும் முன்

ஒரே ஒரு கணினியை எடுத்துக்கொள்ளுங்கள். முழு வளாகத்தின் லாக்கைத் திறந்து வைத்துத் தேடினால் எதுவும் கையில் சிக்காது. அந்தக் கணினியின் ஐபியை மட்டும் வடிகட்டுங்கள். பிரவுசரை முழுதாக மூடித் திறங்கள். டேபை மூடினால் போதாது, பின்னணியில் பழைய இணைப்பு உயிரோடு இருக்கும். மொபைல் என்றால் செல் டேட்டாவை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். வைஃபையில் தடுத்த ஆப் செல் டேட்டாவில் ஓடுவதைப் பார்த்துவிட்டு ஃபயர்வால் கெட்டுவிட்டது என்று வருபவர்கள் நிறைய.

ஃபயர்வாலின் உள்பக்கமும் வெளிப்பக்கமும் போகும் பாக்கெட்டை, அதாவது தரவுத் துண்டுகளை, பிடித்துச் சேமிக்கப் பழகிக்கொள்ளுங்கள். ஏறக்குறைய எல்லா ஃபயர்வாலிலும் இதற்கு வசதி உண்டு. அந்தக் கோப்பை, பாக்கெட்டுகளைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் நிரலில் திறந்து, கிளையண்ட் ஹலோ வரியை விரித்து, சர்வர் நேம் என்ற இடத்தைப் பாருங்கள். அதே கோப்பை என்டிபிஐ என்ற இலவசத் திறந்தமூல நூலகத்துடன் வரும் ரீடர் நிரலிலும் ஓட்டலாம். ஒவ்வொரு இணைப்பும் எந்தச் செயலி என்று அது தன் கணிப்பைச் சொல்லும். உங்கள் ஃபயர்வால் சொல்வதும் அது சொல்வதும் வேறுபட்டால், எங்கே தோண்டவேண்டும் என்று தெரிந்துவிடும்.

அறிகுறி 1: தடுத்த செயலி தடையில்லாமல் ஓடுகிறது

அதிகம் வரும் புகார் இது. காரணங்களும் அதிகம். கீழே உள்ள வரிசையிலேயே போங்கள். பலர் நேராகக் கடைசிக் காரணத்துக்குப் போய் விலை உயர்ந்த லைசென்ஸ் வாங்கிவிடுகிறார்கள், கோளாறு என்னவோ முதல் மூன்றில்தான் இருந்திருக்கும்.

பழைய இணைப்பு இன்னும் அறுபடவில்லையா?

விதியைப் போட்டவுடன் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் இணைப்பு பல ஃபயர்வால்களில் அறுபடாது. செஷன் பட்டியலில், அதாவது நடப்பு இணைப்புகளின் பட்டியலில், அந்தக் கணினியின் ஐபிக்கு உரியவற்றை அழித்துவிட்டு மறுபடி பாருங்கள். கூடவே விதிகளின் வரிசையையும் பாருங்கள். மேலே எங்கோ 'எல்லாம் அனுமதி' என்று ஒரு பழைய விதி உட்கார்ந்திருந்தால், கீழே உள்ள தடை விதிக்கு வேலையே வராது. விதிக்குப் பக்கத்தில் உள்ள ஹிட் எண்ணிக்கை பூஜ்யமாகவே இருந்தால் இதுதான்.

ஐபிவி6 வழியாகப் போகிறதா?

விதிகள் எல்லாம் பழைய முகவரி முறையான ஐபிவி4க்கு எழுதப்பட்டிருக்கும். இணையச் சேவை நிறுவனம் சத்தமில்லாமல் புதிய முறையான ஐபிவி6ஐக் கொடுக்கத் தொடங்கியிருக்கும். யூடியூப், பேஸ்புக் போன்ற பெரிய தளங்கள் எல்லாம் ஐபிவி6ல் கிடைப்பவை, பிரவுசரும் அதைத்தான் முதலில் முயலும். சோதனைக் கணினியில் ஐபிவி6ஐத் தற்காலிகமாக அணையுங்கள். உடனே தடை வேலை செய்தால் காரணம் கிடைத்துவிட்டது. தீர்வு ஐபிவி6ஐ நிரந்தரமாக அணைப்பது இல்லை. அதே விதிகளை அங்கேயும் எழுதவேண்டும்.

க்விக் வழியாகப் போகிறதா?

க்விக் என்பது வழக்கமான டிசிபிக்குப் பதில் யுடிபி என்ற இன்னொரு கடத்தும் முறையில், போர்ட் 443ல் ஓடும் நெறிமுறை. 2021ல் தரப்படுத்தப்பட்டது, எச்டிடிபி 3 இதன் மேல்தான் நடக்கிறது. டிசிபியில் மட்டும் கண் வைத்திருக்கும் ஃபயர்வாலுக்கு இது வெறும் யுடிபி பாக்கெட். குரோமில் டெவலப்பர் கருவிகளைத் திறந்து, நெட்வொர்க் பக்கத்தில் புரோட்டோகால் என்ற நெடுவரிசையைச் சேர்த்துப் பாருங்கள். 'எச்3' என்று வந்தால் க்விக்தான்.

க்விக்கின் முதல் பாக்கெட்டும் குறியாக்கப்பட்டிருக்கும், ஆனால் அதன் சாவியைப் பாக்கெட்டில் உள்ள இணைப்பு எண்ணிலிருந்தும் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிலையான மதிப்பிலிருந்தும் யாரும் கணக்கிடலாம். ஆகவே க்விக்கைப் புரிந்துகொள்ளும் ஃபயர்வால் அதைத் திறந்து எஸ்என்ஐ பெயரைப் படித்துவிடும். பழைய ஃபர்ம்வேருக்கு (கருவியின் உள்மென்பொருளுக்கு) இது தெரியாது. 2023ல் வந்த க்விக் இரண்டாம் பதிப்பில் அந்த நிலையான மதிப்பு வேறு, அதனால் முதல் பதிப்பை மட்டும் அறிந்த ஃபயர்வாலும் அங்கே திணறும்.

முதலில் ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள். அது முடியாவிட்டால் வெளியே போகும் யுடிபி 443ஐ மறியுங்கள். பிரவுசர்கள் தானாக டிசிபிக்கு இறங்கிவிடும். மறிக்கும்போது பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கும் 'டிராப்' வேண்டாம், பதில் அனுப்பும் 'ரிஜெக்ட்' போடுங்கள். டிராப் போட்டால் சில செயலிகள் பதிலுக்குக் காத்திருந்து பிறகுதான் டிசிபிக்கு வரும், 'இணையம் மெதுவாகிவிட்டது' என்று புதிய புகார் கிளம்பும். கணினிகள் உங்கள் நிர்வாகத்தில் இருந்தால் குரோமின் பாலிசியிலேயே க்விக்கை அணைக்கலாம், அது இன்னும் சுத்தம்.

வேறொரு பெயரின் இணைப்பில் தொற்றிக்கொண்டு போகிறதா?

இதை யாரும் எளிதில் நினைப்பதில்லை. எச்டிடிபி 2ல் ஒரு விதி உண்டு. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பின் சான்றிதழ் இன்னொரு பெயரையும் உள்ளடக்கியிருந்து, இரண்டும் ஒரே ஐபிக்குப் போகுமானால், பிரவுசர் புதிய இணைப்பைத் திறக்காமல் பழையதிலேயே அனுப்பலாம். கூகுளின் சான்றிதழில் கூகுள், யூடியூப் உட்படப் பல பெயர்கள் சேர்ந்தே இருக்கின்றன. ஃபயர்வால் கண்ணுக்குத் தெரிந்தது முதலில் திறந்த பெயரின் எஸ்என்ஐ மட்டும். அதே குழாயில் பின்னால் போன பெயர் அதற்குத் தெரியவே தெரியாது.

அதே டெவலப்பர் கருவியில் கனெக்ஷன் ஐடி நெடுவரிசையைச் சேருங்கள். இரண்டு வெவ்வேறு பெயர்களுக்கு ஒரே எண் வந்தால் இதுதான் நடக்கிறது. எஸ்என்ஐயை மட்டும் பார்த்து இதைத் தடுக்க முடியாது. தளப் பெயரை ஐபியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸிலேயே அந்தப் பெயருக்குப் பதில் தராமல் விட்டால் பெரும்பாலும் நின்றுவிடும், ஏனென்றால் ஐபி ஒன்றா என்று பார்க்கவே பிரவுசருக்கு டிஎன்எஸ் பதில் வேண்டும்.

டிஎன்எஸ் உங்கள் கையை விட்டுப் போய்விட்டதா?

மேலே சொன்ன வழி, கணினிகள் உங்கள் டிஎன்எஸ்ஸைக் கேட்டால்தான் பலிக்கும். டிஎன்எஸ் கேள்வியையே எச்டிடிபிஎஸ்ஸுக்குள் வைத்து அனுப்பும் டிஓஎச் 2018ல் தரமாகிவிட்டது. போர்ட் 853ல் போகும் டிஓடி அதற்கும் மூத்தது. 853ஐ மறிப்பது சுலபம். டிஓஎச் 443லேயே கலந்து போவதால், கூகுள், கிளவுட்ஃபிளேர் போன்ற தெரிந்த டிஓஎச் சர்வர்களின் பெயர்களைப் பட்டியலாகத் தடுக்கவேண்டும். பயர்பாக்ஸ் தானாக டிஓஎச்சுக்கு மாறுமுன் உங்கள் டிஎன்எஸ்ஸிடம் இதற்கென வைத்த ஒரு பெயரைக் கேட்கும். அப்படி ஒரு பெயர் இல்லை என்று பதில் வந்தால் மாறாது. ஆனால் பயனர் கையால் டிஓஎச்சை இயக்கியிருந்தால் இந்த ஏற்பாடு செல்லாது.

பெயரே மறைக்கப்பட்டிருக்கிறதா?

பாக்கெட்டில் எஸ்என்ஐ இருக்கிறது, ஆனால் நீங்கள் போன தளத்தின் பெயர் அங்கே இல்லை, 'கிளவுட்ஃபிளேர் இசிஎச் டாட் காம்' போன்ற பொதுப் பெயர் இருக்கிறதா? அப்படியானால் இசிஎச், அதாவது கிளையண்ட் ஹலோவையே குறியாக்கும் முறை, வேலை செய்கிறது. உண்மையான கிளையண்ட் ஹலோ குறியாக்கத்துக்குள் போய்விட்டது, வெளியே ஒரு முகமூடிப் பெயர் மட்டும்தான். 2023 முதல் குரோமும் பயர்பாக்ஸும் இதை இயக்கத் தொடங்கின.

அந்தப் பொதுப் பெயரைத் தடுத்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள், அதன் பின்னால் உள்ள எண்ணற்ற தளங்கள் ஒரே அடியில் சிக்கும். இசிஎச்சுக்குத் தேவையான சாவியைப் பிரவுசர் டிஎன்எஸ்ஸின் 65ஆம் வகைப் பதிவில் எடுக்கிறது. அந்த வகைக் கேள்விக்கு உங்கள் டிஎன்எஸ் வெற்றுப் பதில் தந்தால் பிரவுசர் பழைய முறைக்கு வந்துவிடும். டிஓஎச்சை முதலில் கட்டுப்படுத்தியிருந்தால்தான் இது நடக்கும். இன்னொன்றையும் சொல்லவேண்டும். இசிஎச் மக்களின் தனியுரிமைக்காக வந்தது. நிறுவனத்தின் சொந்தக் கணினிகளில் இதை அணைப்பதில் எனக்கு உறுத்தல் இல்லை. விருந்தினர் வைஃபையிலும் விடுதி மாணவர்களின் சொந்தப் போனிலும் அணைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை.

விபிஎன் பற்றி ஒரு வரி: இதுவரை எதுவும் சிக்கவில்லை, அந்தக் கணினியிலிருந்து ஒரே ஒரு வெளி ஐபிக்கு மட்டும் நீண்ட நேரம் நிறைய டேட்டா போகிறது என்றால் விபிஎன் இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். லாக்கில் தேடுவதைவிட அது சீக்கிரம் முடியும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது? மேலே உள்ள எல்லாம் பார்த்தும், பாக்கெட்டில் சரியான எஸ்என்ஐ தெளிவாகத் தெரிந்தும், ஃபயர்வால் விடுகிறது என்றால். அப்போது கோளாறு கருவியின் உள்ளே. பாக்கெட்டுகளை வன்பொருள் வழியே வேகமாகக் கடத்தும் வசதி, செயலிச் சோதனையைத் தாண்டிப் போய்விடுகிறதா என்று தயாரிப்பாளரின் சப்போர்ட்தான் சொல்லமுடியும். மைக்ரோடிக் ரவுட்டர் வைத்திருப்பவர்கள் மட்டும் அதற்கு முன், சோதனைகளைத் தாண்டி வேகமாகக் கடத்தும் ஃபாஸ்ட்ட்ராக் விதியை அணைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அறிகுறி 2: ஒன்றைத் தடுத்தால் வேறொன்று நிற்கிறது

இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: ஐபியை வைத்துத் தடுத்திருப்பீர்கள். இன்றைக்கு ஒரு ஐபிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான தளங்கள் இருக்கலாம். 2018 ஏப்ரலில் ரஷ்ய அரசின் கண்காணிப்பு அமைப்பு டெலிகிராமைத் தடுக்கப்போய் அமேசான், கூகுள் சர்வர்களின் ஐபிகளை ஒரு கோடிக்கும் மேல் மறித்தது. சம்பந்தமே இல்லாத கடைகள், சேவைகள் எல்லாம் முடங்கின. டெலிகிராம் தொடர்ந்து ஓடியது. ஒரு நாட்டின் அளவில் நடந்த அதே விஷயம்தான் உங்கள் அலுவலகத்தில் சின்ன அளவில் நடக்கிறது.

முதலில் ஐபித் தடைகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். அப்புறம் பெயர்த் தடைகளில் எது அகலமாக இருக்கிறது என்று பாருங்கள். யூடியூப் வீடியோ வருவது 'கூகுள்வீடியோ டாட் காம்' பெயர்களிலிருந்து, சிறுபடங்கள் 'ஒய்டிஐஎம்ஜி டாட் காம்' பெயரிலிருந்து. ஆனால் 'கூகுள்ஏபிஐஸ் டாட் காம்' முழுவதையும் தடுத்தால் மேப் முதல் நோட்டிஃபிகேஷன் வரை பல செயலிகள் சேர்ந்து நிற்கும். எந்தப் பெயர் தடைபட்டதால் எந்தச் செயலி நின்றது என்பது லாக்கில் தடை வரிகளை மட்டும் வடிகட்டினால் உடனே தெரியும். இதற்கு வெளியாள் தேவையில்லை.

அறிகுறி 3: லாக்கில் எல்லாமே 'எஸ்எஸ்எல்' அல்லது 'தெரியாதது'

முதலில் அந்தச் சொல்லைக் கவனமாகப் படியுங்கள். பாலோ ஆல்டோ ஃபயர்வாலில் 'இன்கம்ப்ளீட்' என்று வந்தால், செயலியை அடையாளம் காணமுடியவில்லை என்று அர்த்தமில்லை. டிசிபி ஹேண்ட்ஷேக், அதாவது இணைப்பைத் தொடங்கும் கைகுலுக்கல், முடியவில்லை, அல்லது முடிந்தபின் டேட்டா எதுவும் வரவில்லை. அது ரூட்டிங் பிரச்சினையோ, எதிர்ப்பக்க சர்வர் பிரச்சினையோ. 'இன்சஃபிஷியண்ட் டேட்டா' என்றால் டேட்டா வந்தது, ஊகிக்கும் அளவுக்கு வரவில்லை. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு செயலி விதிகளை மாற்றி எழுதிக் களைத்துப்போகாதீர்கள்.

நிஜமாகவே 'எஸ்எஸ்எல்' என்று நிற்கிறதா? விதியில் சோதனை சுயவிவரம் (இன்ஸ்பெக்ஷன் புரொஃபைல்) ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஃபோர்ட்டிகேட் ஃபயர்வாலில் குறைந்தது 'சர்டிஃபிகேட் இன்ஸ்பெக்ஷன்' ஆவது விதியில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் எஸ்என்ஐயைக்கூடப் பார்க்காது. அடுத்து, செயலிகளை அடையாளம் காட்டும் சிக்னேச்சர் பட்டியலுக்கு அப்டேட் கடைசியாக எப்போது வந்தது? லைசென்ஸ் முடிந்தால் பெரும்பாலும் கருவி நின்றுவிடாது. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு அமைதியாக ஓடும், புதிய செயலிகள் எல்லாம் பொதுப் பெயரில் விழும். இதைப் பார்க்கச் சில நிமிடம்கூட ஆகாது, ஆனால் யாரும் பார்ப்பதில்லை.

அதன் பிறகு இரண்டு இணைய லைன்கள் உள்ள இடங்களில் போகும் பாதை ஒன்று, வரும் பாதை வேறொன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். உள்பக்கமும் வெளிப்பக்கமும் பிடித்த பாக்கெட்டில் ஒரு திசை மட்டும் தெரிந்தால் அதுதான். பாதி உரையாடலைக் கேட்டு ஃபயர்வால் எதையும் முடிவு செய்யமுடியாது.

எஸ்என்ஐ இல்லாமலே வருகிறது என்றால், 443ல் வருவதெல்லாம் டிஎல்எஸ் இல்லை என்பதை நினைவில் வையுங்கள். வாட்ஸ்அப் நாய்ஸ் என்ற வேறு நெறிமுறையைப் பயன்படுத்துகிறது, டெலிகிராமுக்குச் சொந்தமாக எம்டிபுரோட்டோ இருக்கிறது. இவற்றைப் பெயரால் பிடிக்கமுடியாது. பாக்கெட் வடிவத்தைப் பார்க்கும் சிக்னேச்சர்தான் பிடிக்கவேண்டும், அது அப்டேட்டில்தான் வரும். கேமரா, பயோமெட்ரிக் கருவி போன்றவை நேராக ஐபிக்குப் போவதாலும் எஸ்என்ஐ இருக்காது. அவற்றை வீலான் என்ற தனி உள்வலையில் பிரித்து, போகவேண்டிய ஐபிகளை மட்டும் அனுமதிப்பது போதும்.

உங்கள் நிறுவனமே எழுதிய செயலி 'தெரியாதது' என்று வந்தால் அதில் குறையில்லை. உலகத்தில் வேறு யாரிடமும் இல்லாத செயலிக்குச் சிக்னேச்சர் எப்படி வரும்? அதன் எஸ்என்ஐ பெயரை வைத்து நீங்களே ஒரு தனிப்பயன் சிக்னேச்சர் எழுதிக்கொள்ளுங்கள்.

அறிகுறி 4: பிரவுசர் அப்டேட் ஆனதும் சில தளங்கள் தொங்குகின்றன

தளம் திறக்கவே திறக்காது, சுற்றிக்கொண்டே இருக்கும். பழைய பிரவுசரில் அதே தளம் வரும். அல்லது தளம் திறந்துவிடும், ஆனால் நேற்று வரை தடைபட்டிருந்தது இன்று தடைபடவில்லை. இரண்டுக்கும் மூலம் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

குரோம் 124, 2024 ஏப்ரலில், குவாண்டம் கணினிகளையும் தாங்கும் சாவிப் பரிமாற்றத்தை மேசைக் கணினிகளில் இயல்பாகவே இயக்கியது. பிறகு பயர்பாக்ஸும் வந்தது. இப்போது பயன்படும் முறையில் அந்தச் சாவிப் பகுதி மட்டும் 1,216 பைட். மற்ற விவரங்களும் சேர்ந்தால் கிளையண்ட் ஹலோ ஒரு பாக்கெட்டில் அடங்காது, இரண்டாகப் பிரிந்து போகும். கிளையண்ட் ஹலோ எப்போதும் ஒரே பாக்கெட்டில்தான் வரும் என்று நம்பி எழுதப்பட்ட ஃபயர்வால்களும் சர்வர்களும் இங்கே மாட்டிக்கொண்டன. சில, இரண்டாவது துண்டைத் தூக்கி எறிகின்றன. சில, எஸ்என்ஐ கிடைக்காமல் அப்படியே விட்டுவிடுகின்றன. மைக்ரோடிக்கின் டிஎல்எஸ் ஹோஸ்ட் விதி, ஹேண்ட்ஷேக் பல துண்டாக வந்தால் பெயரைப் பொருத்தமுடியாது என்று அதன் ஆவணத்திலேயே சொல்லியிருக்கிறார்கள்.

வயர்ஷார்க்கில் கிளையண்ட் ஹலோ இரண்டு டிசிபி துண்டுகளிலிருந்து கோத்துக் காட்டப்படுகிறதா என்று பாருங்கள். பிறகு உள்பக்கக் கோப்பில் இரண்டு துண்டும், வெளிப்பக்கக் கோப்பில் ஒன்று மட்டும் இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒன்றுதான் இருந்தால் விழுங்கியது உங்கள் ஃபயர்வால். இரண்டும் வெளியே போயும் பதில் வராவிட்டால் குறை எதிர்ப்பக்கத்தில், நீங்கள் செய்ய ஒன்றுமில்லை, அந்தத் தளத்தாருக்கு எழுதுங்கள்.

தீர்வு ஃபர்ம்வேர் அப்டேட். அது வரும்வரை, உங்கள் குரோம் பதிப்பில் அதற்கான பாலிசி இன்னும் இருந்தால், அந்தச் சாவிப் பரிமாற்றத்தை அணைத்து வைக்கலாம். அது தற்காலிக ஏற்பாடு மட்டும், நிரந்தரமாக நம்பாதீர்கள். பிபிபிஓஇ (பயனர்பெயர், கடவுச்சொல் கொடுத்து இணையும்) லைன் உள்ளவர்கள் எம்டியு, அதாவது பாக்கெட்டின் உச்ச அளவு, 1492க்குச் சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அது தவறினாலும் இதே அறிகுறி வரும், சரிசெய்யச் செலவே இல்லை. கருவிக்கு அப்டேட் வருவதே நின்றுபோயிருந்தால் வேறு வழியில்லை, புதிய கருவிதான். அந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள், இந்தப் பெரிய கிளையண்ட் ஹலோ இனிமேல் சின்னதாகப் போவதில்லை.

அறிகுறி 5: ஒரே செயலி, சில கணினியில் பிடிபடுகிறது, சிலதில் இல்லை

பிடிபடாத கணினியின் பிரவுசரும் அதன் பதிப்பும் என்ன என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அங்கேயே விடை இருக்கும். டிஓஎச், இசிஎச், க்விக் மூன்றும் ஒவ்வொரு பிரவுசரில் ஒவ்வொரு விதமாக இயக்கப்பட்டிருக்கும், அவற்றை முதல் அறிகுறியில் சொன்னபடி பாருங்கள்.

மிச்சமிருக்கும் ஒரு காரணம் கைரேகை. 2017ல் சேல்ஸ்ஃபோர்ஸ் பொறியாளர்கள் வெளியிட்ட ஜேஏ3 என்ற முறை, கிளையண்ட் ஹலோவில் எந்தெந்த விருப்பங்கள் எந்த வரிசையில் வருகின்றன என்பதைச் சுருக்கி ஓர் எண்ணாக்கும். எஸ்என்ஐ உதவாத இடத்தில் இதை வைத்து ஊகிக்கும் விதிகள் இன்னும் பல இடங்களில் இருக்கின்றன. குரோம் 110 முதல் அந்த வரிசை ஒவ்வொரு இணைப்புக்கும் கலைந்து வருகிறது, ஆகவே அதே குரோமுக்கு ஒவ்வொரு முறையும் வேறு ஜேஏ3. 2023ல் வந்த ஜேஏ4 வரிசையை அடுக்கிவிட்டுக் கணக்கிடுவதால் இந்தச் சிக்கல் இல்லை. உங்கள் விதிகளில் ஜேஏ3 எண்கள் இருந்தால் நீக்கிவிட்டு மாற்று முறைக்குப் போங்கள்.

அறிகுறி 6: வீடியோ அழைப்புக்கு முன்னுரிமை கொடுத்தும் குரல் வெட்டுகிறது

அழைப்பைத் தொடங்குவது டிஎல்எஸ், குரலும் படமும் போவது தனி யுடிபி. முன்னுரிமை விதி முதலாவதில் மட்டும் விழுந்திருக்கும். கூகுள் மீட் யுடிபி 3478, 19302 முதல் 19309 வரை பயன்படுத்தும். ஜூம் யுடிபி 8801 முதல் 8810 வரை, டீம்ஸ் யுடிபி 3478 முதல் 3481 வரை. இவை மூடியிருந்தால் அழைப்பு டிசிபி 443க்கு இறங்கி வந்துவிடும், வேலை செய்வதுபோலத் தெரியும், தரம் மட்டும் போய்விடும். போர்ட்டைத் திறந்து, முன்னுரிமையை அங்கே மாற்றுங்கள். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

அறிகுறி 7: பிரித்துப் படிக்கும் வசதியை இயக்கியதும் எச்சரிக்கைகள், செயலிகள் நிற்கின்றன

மேலே உள்ள எதுவும் போதாமல்தான் டீப் இன்ஸ்பெக்ஷனுக்கு வரவேண்டும். ஃபயர்வால் நடுவில் நின்று, தன் சான்றிதழைக் காட்டி, உள்ளே இருப்பதை முழுதாகப் படிக்கும் முறை இது. செலவும் பொறுப்பும் இதில்தான் அதிகம்.

எல்லாத் தளத்திலும் எச்சரிக்கை என்றால், ஃபயர்வாலின் மூலச் சான்றிதழ் கணினியில் ஏறவில்லை. ஃபயர்வாலின் கடிகாரத்தையும் ஒரு முறை பாருங்கள், தேதி தவறினால் இதே எச்சரிக்கைதான் வரும்.

ஒரு பிரவுசரில் மட்டும் என்றால், பயர்பாக்ஸாக இருக்கும். 120க்கு முந்தைய பதிப்புகளும், லினக்ஸில் உள்ளவையும் தங்கள் சொந்தச் சான்றிதழ்ப் பட்டியலையே நம்பும். ஜாவா, பைத்தான் நிரல்களுக்கும் தனிப் பட்டியல் உண்டு. அலுவலகத்தில் யாரோ எழுதிய பழைய பைத்தான் நிரல் திடீரென நின்றால் அங்கே போய்ப் பாருங்கள்.

மொபைலில் பிரவுசர் சரி, ஆப்கள் மட்டும் நிற்கின்றன என்றால், ஆண்ட்ராய்டு 7 முதல் பயனர் ஏற்றிய சான்றிதழை ஆப்கள் இயல்பாக நம்புவதில்லை. ஐபோனில் சான்றிதழை ஏற்றிய பிறகும், அமைப்புகளில் ஜெனரல், அபவுட் வழியே போய் முழு நம்பிக்கையைத் தனியாக இயக்கவேண்டும். நிறுவனம் போன்களைத் தொலைவிலிருந்து நிர்வகிக்கும் எம்டிஎம் வழியாக ஏற்றினால் அது தேவையில்லை.

ஒரு சில ஆப்கள் மட்டும், என்ன செய்தாலும் நிற்கின்றன என்றால், அவை தங்கள் சர்வரின் சான்றிதழை உள்ளேயே பதித்து வைத்திருக்கின்றன. வங்கி ஆப்கள் பல இப்படித்தான். அவற்றை ஏமாற்ற முயலாதீர்கள், விலக்குப் பட்டியலில் சேருங்கள். கிளையண்ட் சான்றிதழ் கேட்கும் தளங்களுக்கும் அதுவே வழி.

என் கருத்தில் வங்கி, மருத்துவம், வருமான வரி, வழக்கறிஞர் தொடர்பு ஆகிய வகைகளை முதல் நாளே விலக்கில் போட்டுவிட்டுத்தான் இந்த வசதியை இயக்கவேண்டும். ஊழியரின் மருத்துவ அறிக்கை ஃபயர்வால் லாக்கில் கிடப்பதற்கு எந்த நியாயமும் இல்லை. இயக்குவதற்கு முன் எல்லோருக்கும் எழுத்தில் சொல்லிவிடுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது சரியா என்று நிறுவனத்தின் வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

இயக்கிய பின் எல்லாமே மெதுவாகிவிட்டால் சிபியு பயன்பாட்டைப் பாருங்கள். விளம்பரத்தில் போட்டிருக்கும் பெரிய வேகம் பிரித்துப் படிக்காத போக்குவரத்துக்கானது. அதே கருவியின் தகவல் தாளில் எஸ்எஸ்எல் இன்ஸ்பெக்ஷன் வேகம் தனியாக, மிகக் குறைவாக இருக்கும். உங்கள் லைனின் வேகம் அதைத் தாண்டினால், எல்லோருக்கும் இயக்காமல் தேவையான வகைகளுக்கு மட்டும் இயக்குங்கள்.

ஃபயர்வாலின் மூலச் சாவி வெளியே கசிந்தது என்ற சந்தேகம் துளி இருந்தாலும் காத்திருக்காமல் பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடுங்கள். அந்தச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர் உங்கள் எல்லாக் கணினிகளுக்கும் எந்தத் தளமாகவும் நடிக்கலாம்.

சப்போர்ட்டைக் கூப்பிடும்போது கையில் வைத்திருக்கவேண்டியவை

உள்பக்கம், வெளிப்பக்கம் இரண்டிலும் ஒரே நேரத்தில் பிடித்த பாக்கெட் கோப்புகள். சோதனைக் கணினியின் ஐபி, பிரவுசரும் பதிப்பும், சோதித்த நேரம் நொடி வரை. ஃபயர்வாலின் ஃபர்ம்வேர் பதிப்பு, சிக்னேச்சர் பதிப்பு, அந்த இணைப்பின் செஷன் எண். என்டிபிஐ அதே கோப்பைப் பார்த்து என்ன சொன்னது என்பது. இவை இல்லாமல் கூப்பிட்டால் முதல் அழைப்பு முழுவதும் இவற்றைக் கேட்பதிலேயே போய்விடும். கோப்புகளை அனுப்புமுன் அவற்றில் சோதனைக் கணினியின் போக்குவரத்து மட்டும் இருக்கும்படி வடிகட்டிவிடுங்கள், மற்றவர்கள் எந்தத் தளத்துக்குப் போனார்கள் என்பது வெளியே போகக் கூடாது.